செல்லுலார் ஜெயிலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்: அந்தமான் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அந்தமான் போகிறவர்களில் பெரும்பாலானோர், வெள்ளைக்காரர்கள் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த செல்லுலார் ஜெயிலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். டிராவல்ஸ்காரர்கள் போட்டுக் கொடுக்கும் திட்டமே அப்படித்தான் இருக்கும்: காலையில் விமானம், ஓட்டலில் பெட்டியை வைத்துவிட்டு மதியம் கடற்கரை, சாயங்காலம் மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெயில், அப்படியே ஒளி-ஒலிக் காட்சி, மறுநாள் விடிந்ததும் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். இப்படிப் போனால் வாசலில் ஒரு போட்டோ, சாவர்க்கர் அறையில் ஒரு போட்டோ, தூக்குமேடையில் ஒரு போட்டோ, அவ்வளவுதான் மிஞ்சும். அந்த இடத்துக்கு இது போதாது என்பதுதான் என் கட்சி. ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள், யாரெல்லாம் அங்கே கிடந்தார்கள் என்று நாலைந்து பேரையாவது தெரிந்துகொண்டு போங்கள், அப்புறம் பாருங்கள், அதே செங்கல் சுவர் வேறு மாதிரி தெரியும்.

முதலில் போய்ச் சேரும் விஷயம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கப்பலும் உண்டு, ஆனால் ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும், மாதத்தில் சில நடைகள்தான், தேதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். நேரம் தாராளமாக இருப்பவர்களுக்குத்தான் அது சரிவரும். 2024 செப்டம்பரில், ஜெயில் இருக்கும் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அதனால் பதிவு செய்யும்போது இரண்டு பெயரில் எதைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம், ஊர் ஒன்றுதான். இந்தியக் குடிமக்களுக்கு இந்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம், அடையாள அட்டை போதும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் விசாவோடு தீவுக்குரிய பதிவு விதிகளையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. மே மாதக் கடைசியில் தொடங்கும் மழை தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமாக நவம்பர் வரை இழுக்கும். ஜெயிலை மழையிலும் பார்த்துவிடலாம், மாடி வராந்தாக்களுக்குக் கூரை இருக்கிறது. ஆனால் இரவுக் காட்சி திறந்த முற்றத்தில் நடப்பது, மழை வந்தால் கெட்டுவிடும்.

நேரத்தைப் பற்றி ஒன்றை மனதில் வையுங்கள். அந்தமானும் இந்திய நேரத்தையே வைத்திருக்கிறது, ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. கோடையில் காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும், டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நம் ஊர்க் கணக்கில் "நாலு மணிக்கு மேல் வெயில் தாழப் போகலாம்" என்று நினைத்தால் வெளிச்சமும் போய்விடும், வாயிலையும் மூடத் தொடங்கிவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் போல மூடுவது வழக்கம். ஆகவே திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். கூட்டம் பத்தரைக்கு மேல்தான் பேருந்து பேருந்தாக இறங்கும். தேசிய விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கலாம், முந்தின நாளே ஓட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டு மிகச் சொற்பமான தொகைதான், இரவுக் காட்சிக்குத் தனிச் சீட்டு.

அபர்தீன் பஜாரில் தங்கினால் ஜெயிலுக்கு நடந்தே போய்விடலாம், ஏற்றமான சாலை, அவ்வளவுதான். பஜாரில் தமிழ் காதில் விழாமல் பத்தடி நடக்க முடியாது. கடைக்காரர், ஆட்டோக்காரர், ஓட்டல்காரர் என்று எங்கும் தமிழர்கள் உண்டு. இட்லி, தோசைக்கும் குறைவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், ஈரக்காற்றில் வியர்வை ஊற்றும்.

வாசலில் வழிகாட்டிகள் இருப்பார்கள். எடுத்துக்கொள்வது நல்லதுதான், தமிழ் பேசுகிறவர் கிடைப்பாரா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆனால் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: சாவர்க்கர் அறை மட்டும் போதாது, கைதிகளின் 1933 உண்ணாவிரதத்தைப் பற்றியும் இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று. கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் எல்லாருக்கும் சொல்லும் அதே இருபது நிமிடக் கதைதான்.

உள்ளே நுழைந்ததும் நுழைவாயில் கட்டடத்திலேயே படங்கள், ஆவணங்கள் வைத்த கூடங்கள் இருக்கின்றன. அங்கே வெகு நேரம் நிற்க வேண்டாம், பின்னால் வந்து பார்க்கலாம். ஆனால் முழுச் சிறையின் மாதிரி வடிவத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். ஏனென்றால் இன்றைக்கு நீங்கள் நேரில் பார்க்கப் போவது பாதிகூட இல்லை. நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு திசையில் ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று தளம், மொத்தம் ஏறத்தாழ 700 கொட்டடிகள். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள், பர்மாவிலிருந்து செங்கல் வந்தது, கட்டியவர்கள் கைதிகளேதான். 1941 நிலநடுக்கத்தில் கட்டடம் பலத்த சேதமடைந்தது, ஜப்பானியர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகுமாக நான்கு கிளைகள் போய்விட்டன. அந்த இடத்தில்தான் இப்போது கோவிந்த் வல்லப் பந்த் பெயரில் அரசு மருத்துவமனை நிற்கிறது. மிச்சமும் போயிருக்கும், அங்கே தண்டனை அனுபவித்துத் திரும்பிய முன்னாள் கைதிகள் சங்கமாகக் கூடிப் போராடியதால்தான் மூன்று கிளைகள் தப்பின. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவகமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அந்தமானுக்குக் கைதிகளை அனுப்புவது இந்தக் கட்டடத்தோடு தொடங்கியதல்ல. 1857 எழுச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். அவர்கள் காட்டை வெட்டினார்கள், சாலை போட்டார்கள், காய்ச்சலிலும் தூக்குக் கயிற்றிலும் செத்தார்கள். அப்போது கடலே சிறைச் சுவர். 1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, தீவுக்கு வரும் கைதி முதலில் சில மாதம் தனிமைச் சிறையின் கடுமையை அனுபவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அதற்காகத்தான் இந்த ஜெயில். இங்கே கூட்டுக் கொட்டடி என்பதே கிடையாது, ஆளுக்கு ஒரு அறை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிளையின் தரைத்தளத்துக்குப் போங்கள். வராந்தாவில் நின்று எதிரே பாருங்கள். ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எந்தக் கைதியும் தன் அறை வாசலில் நின்று இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. எதிரே தெரிவது சுவரும் அதன் உச்சியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சாளரங்களும்தான். கணேஷ் சாவர்க்கரும் அவர் தம்பி விநாயக் சாவர்க்கரும் ஒரே ஜெயிலில் இருந்தும் வெகுகாலம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று சொல்வார்கள். அந்த வராந்தாவில் நின்றால் அது எப்படி முடிந்தது என்று புரியும்.

அடுத்து ஏதாவது ஒரு அறைக்குள் தனியாகப் போங்கள். பிரபலமான அறை வேண்டாம், யாரும் எட்டிப் பார்க்காத நடு அறை ஒன்று போதும். சுமார் 13 அடி நீளம், 7 அடி அகலம். பின்சுவரில் ஏறக்குறைய பத்தடி உயரத்தில் ஒரே ஒரு சாளரம், எம்பிக் குதித்தாலும் கை எட்டாது. உள்ளே கழிப்பிடம் கிடையாது. சாயங்காலம் பூட்டினால் காலை வரை ஒரு சின்னப் பானைதான். குடும்பத்தாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு சில நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

வெளியே வந்ததும் தாழ்ப்பாளைப் பாருங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். இரும்புக் கம்பிக் கதவு. அதன் தாழ்ப்பாள்க் கம்பி கதவோடு முடியாமல் பக்கத்துச் சுவருக்கு நீண்டு போகும், சுவரிலே குடைந்த ஒரு மாடத்துக்குள் போய் மடங்கும், பூட்டு தொங்குவது அங்கேதான். உள்ளே நின்று கம்பிக்கு இடையில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். விரல் சுவரைத் தொடும், பூட்டைத் தொடாது. அந்த இடைவெளியைக் கணக்குப் பார்த்து யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். கசையடி மேடையையும் சங்கிலிகளையும் விட எனக்கு அந்த மாடம்தான் அதிகம் உறைக்கிறது.

முற்றத்தில் செக்கு வைத்த கொட்டகை இருக்கிறது. நமக்கு செக்கு என்றதும் வ.உ.சி. நினைவுக்கு வராமல் இருக்காது. அவருக்கு 1908-ல் விதித்ததும் நாடுகடத்தல் தண்டனைதான், ஆனால் அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையில் இருந்தார், செக்கிழுத்தது கோவைச் சிறையில். இங்கே அதே தண்டனையை அன்றாட வேலையாகவே வைத்திருந்தார்கள்: ஒரு ஆள் ஒரு நாளில் 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும், அதாவது 13 கிலோவுக்கு மேல். மாடு இழுத்தாலும் திணறும் அளவு. குறைந்தால் கசையடி, கைவிலங்கு போட்டு நாள் கணக்கில் நிற்க வைப்பது, கஞ்சி மட்டும் கொடுக்கும் தண்டனை. செக்கு இல்லாத நாளில் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது. டேவிட் பாரி என்ற ஜெயிலர் காலத்தில் இது உச்சத்தில் இருந்தது. வங்காளப் புரட்சியாளர்கள் மீது போட்ட அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் வந்த இந்து பூஷண் ராய் 1912-ல் தன் அறையிலேயே கிழிந்த துணியில் தூக்குப் போட்டுக்கொண்டார். அதே வழக்கின் உல்லாஸ்கர் தத் மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

தூக்குமேடை பக்கத்திலேயே இருக்கிறது, ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தூக்கிலிடும் அமைப்பு. கீழே இறங்கினால் உடல் விழும் அறையையும் பார்க்கலாம். சின்னக் குழந்தைகள் வந்திருந்தால் ஒருவர் அவர்களோடு முற்றத்து அரசமரத்தடியில் உட்காருவது நல்லது, மற்றவர் போய்ப் பார்த்து வரட்டும். கயிற்றைக் கழுத்தருகே பிடித்துச் சிரித்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கூட வருகிறவர்கள் யாராவது அப்படி நின்றால் தடுத்துவிடுங்கள்.

இப்போது காவல் கோபுரத்துக்கு ஏறுங்கள். இங்கேதான் நான் அதிக நேரம் கேட்பேன். சுவரில் பளிங்குப் பலகைகள், மாகாணம் மாகாணமாகக் கைதிகளின் பெயர்கள். வங்காளப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், பஞ்சாபும் அப்படியே. சும்மா கண்ணை ஓட்டாமல் சில பெயர்களைத் தேடுங்கள். பாரீந்திர கோஷ், அரவிந்தரின் தம்பி. ஹேமச்சந்திர தாஸ், குண்டு தயாரிக்கக் கற்றுக்கொள்ளப் பாரிஸ் வரை போய் வந்தவர். பகத் சிங்கோடு 1929-ல் டெல்லியில் மத்திய சட்டசபையில் குண்டு வீசிய பட்டுகேஷ்வர் தத். பகத் சிங் தூக்கு மேடைக்குப் போனார், இவர் இங்கே வந்தார். சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய கணேஷ் கோஷ், அனந்த சிங், லோக்நாத் பல்.

மகாவீர் சிங் பெயரைக் கண்டுபிடித்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1921 வாக்கில் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பிய அரசு 1932-ல் மறுபடி இங்கே அனுப்பத் தொடங்கியது. வந்தவர்கள் கேட்டது என்ன? சாப்பிடத் தகுந்த சோறு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம், செய்தித்தாள், சோப்பு. 1933 மே 12 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது. பட்டினி கிடந்தவர்களை அமுக்கிப் பிடித்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். மகாவீர் சிங்குக்கு அது நுரையீரலில் இறங்கியது, மே 17-ல் இறந்தார். அதே மாதக் கடைசிக்குள் மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா இருவரும் அதே விதமாகப் போனார்கள். மற்றவர்கள் விடவில்லை, 46 நாள் இழுத்தது, கடைசியில் அரசு இறங்கி வந்தது. விளக்கு வந்தது, புத்தகம் வந்தது, அப்புறம் அந்தக் கொட்டடிகளில் வரலாறும் பொருளாதாரமும் அரசியலும் பாடமாக நடந்தன. 1937-ல் இன்னொரு பெரிய உண்ணாவிரதம், நாடு முழுக்க ஆதரவுக் குரல், 1938 ஜனவரிக்குள் கடைசி அரசியல் கைதியும் ஊர் திரும்பிவிட்டார்.

சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை இருந்த அறை மேல்தளத்தில் கடைசியில் இருக்கிறது. கூட்டம் அங்கேதான் சேரும், ஆகவே ஜெயிலுக்குள் வந்தவுடன் அங்கே போய்விடுங்கள் அல்லது கடைசியில் போங்கள். விடுதலை கேட்டு அவர் எழுதிய கருணை மனுக்கள் பற்றிய விவாதம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எந்தப் பக்கம் நின்றாலும் அறையைப் பாருங்கள், ஆனால் அதோடு இறங்கிவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும், பக்கத்திலேயே ஒரு குட்டித் தீவு தெரியும். அது ராஸ் தீவு, இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. கைதிகள் செக்கிழுத்த காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் அங்கே தேவாலயம், நடன அரங்கு, ரொட்டிச் சாலை, நீச்சல் குளம் எல்லாம் வைத்துக் குடித்தனம் நடத்தினார்கள். மறுநாள் அங்கே கண்டிப்பாகப் போங்கள். அபர்தீன் படகுத் துறையிலிருந்து சிறிது நேரப் பயணம்தான். இன்றைக்கு அந்தக் கட்டடங்கள் எல்லாம் ஆல, அத்தி வேர்களின் பிடியில் இருக்கின்றன, மான்கள் சுற்றுகின்றன. ஜெயிலைப் பார்த்த பிறகு ராஸ் போவதுதான் சரியான வரிசை. முதலில் ராஸ் போனால் அது வெறும் அழகான இடிபாடு.

ஜப்பானியர் காலத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கேள்விப்படாமலே திரும்புகிறார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. உளவு பார்த்ததாகச் சந்தேகப்பட்டு உள்ளூர்வாசிகளை இதே ஜெயிலில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார், ஜெயிலையும் சுற்றிப் பார்த்தார். அந்த நேரத்திலும் டாக்டர் திவான் சிங் உட்பட இந்தியர்கள் உள்ளே கிடந்தார்கள், அது அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். திவான் சிங் அடுத்த மாதமே இறந்தார். தீவுகளின் பொறுப்பை ஏற்க நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு அனுப்பியவர் ஒரு தமிழர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். பெயருக்குத்தான் பதவி, அதிகாரம் ஜப்பானியர் கையில்தான் இருந்தது.

மதியம் மூடும் நேரத்துக்கு வெளியே வந்தால் எதிரே பூங்கா. உள்ளே ஆறு சிலைகள்: இந்து பூஷண் ராய், பாபா பான் சிங், ராம் ரக்கா, மகாவீர் சிங், மோஹித் மைத்ரா, மோகன் கிஷோர் நமதாஸ். ஆறு பேரும் இந்த ஜெயிலில் உயிரை விட்டவர்கள். காலையில் கோபுரத்தில் படித்த பெயர்களுக்கு இங்கே முகம் கிடைக்கும்.

சாயங்காலம் காட்சிக்குத் திரும்பி வாருங்கள். பகலில் இடங்களைப் பார்த்துவிட்டு இரவில் காட்சி பார்ப்பதுதான் நல்லது, விளக்கு எந்த மூலையில் விழுந்தாலும் அங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தியில்தான் அதிகம் நடக்கும், ஆங்கிலக் காட்சி என்றைக்கு என்று முன்பே விசாரித்துச் சீட்டு எடுங்கள், டிசம்பர்-ஜனவரியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் வைப்பர் தீவுக்குப் படகு ஓடுகிறதா என்று கேளுங்கள். 1872-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்ற ஷேர் அலியைத் தூக்கிலிட்டது அங்கே. சாத்தம் தீவில் 1883-ல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை இருக்கிறது, பாலம் வழியாகவே போய்விடலாம், அரை மணி நேரம் போதும். ஊருக்கு வெளியே தெற்கு அந்தமானில் சுற்றுகிறவர்கள் மஞ்சேரி, காலிகட் என்று பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு இங்கே அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார் (மலபார் முஸ்லிம்கள்) குடியேறிய ஊர்கள் அவை, அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் தரைத்தளக் கொட்டடிகள், செக்குக் கொட்டகை, முற்றம் இவ்வளவையும் படி ஏறாமலே பார்க்கலாம். கோபுரத்துப் பெயர்ப் பலகைகளை மட்டும் யாராவது ஏறிப்போய்ப் போனில் படம் எடுத்து வந்து காட்டுங்கள். காட்சி முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், ஆட்டோ கிடைப்பது கஷ்டம், ஆகவே வந்த ஆட்டோவையே திரும்ப வரச் சொல்லிவிடுங்கள். ஊர் சீக்கிரம் அடங்கிவிடும், சாப்பாட்டுக்கு நேரே பஜாருக்குப் போய்விடுங்கள்.